கப்பலூர் எடைமேடை, இரவு பத்தேகால்

தினமும் காலையில் அதற்குத் தேதி சொல்லவேண்டும்.
ராத்திரி மெயினை அணைத்துவிட்டால் போதும்,
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று என்று
எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.
உள்ளே காசளவு பேட்டரி ஒன்று
எப்போதோ செத்துப்போயிருந்தது.
நாற்பது ரூபாய்தான். யாரும் மாற்றவில்லை.
ஊதுபத்தி கொளுத்திய கையோடு
ஒச்சப்பன் தேதியையும் அடித்துவிடுவார்.
ஒருநாள் மறந்தார்.
அன்றைக்கு எடைபோட்ட பதினேழு லாரிகளும்
இருபத்து மூன்று வருஷம் முன்னாலேயே
சரக்கிறக்கிப் போய்விட்டன, ரசீதின்படி.

இன்று அது எழுந்திருக்கவே இல்லை.

நான் போனபோது
மேடைமேல் பருத்திக்கொட்டை லாரி,
பின்னால் ஆறு வண்டி.
"எத்தா, வெரசாப் பாரு."
பவர் சப்ளையைத் திறந்தேன்.
கெபாசிட்டர்கள் வயிறு உப்பிக் கிடந்தன.
போனில் தனுஷ்கோடி அண்ணாச்சி:
"புதுப்பெட்டி வாங்கி வச்சிருக்கேன்ல,
இதுல இருக்கிறத அதுல போட்டா முடிஞ்சுது."
வேட்டி மாற்றிக் கட்டுவது போல.

எடைக்கருவியிலிருந்து வரும் கம்பிக்கு ஒன்பது துளை.
புதுப்பெட்டியின் முதுகில்
அந்த ஒன்பது முள் இல்லை.
பையில் ஒரு மாற்றி எப்போதும் வைத்திருப்பேன்,
டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசி வாங்கியது.
சொருகினேன். யாரது என்றது சிஸ்டம்.
டிரைவர் இல்லாமல் சேர்க்காதாம்.
வெளியே ஏழு டிரைவர் நிற்கிறார்கள்,
ஒருவரும் உதவ மாட்டார்.

தேடிப் போட்டதும்
உனக்கு ஏழாம் வாசல் என்று ஒதுக்கியது.
பழைய மென்பொருளோ
முதல் வாசலைத் தவிர வேறெங்கும் எட்டிப்பார்க்காது.
எழுதியது செல்லூர்ப் பையன், இப்போது ஷார்ஜாவிலாம்.
அவன் காலத்தில் பெட்டிக்கு இரண்டு வாசல்தான்.
திட்ட மனசு வரவில்லை.
கொஞ்சம் திட்டினேன்.

ஏழை ஒன்றாக்கிவிட்டு
கம்பியில் வருவதை அப்படியே திரையில் விட்டேன்:
இருபத்து நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து கிலோ.
ஜன்னலில் தலை நீட்டிய லாரிக்காரர்,
"பருத்திக்கொட்டை குட்டி போட்டுருச்சா?" என்றார்.
கருவி கடைசி இலக்கத்தை முதலில் சொல்லும் ரகம்.
திருப்பிப் படித்தால் பதினாறாயிரத்து நானூற்று இருபது.
செல்லூர்ப் பையனுக்கு இது தெரிந்திருக்கிறது.
திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன்.
ஒரு தட்டு, இன்னொரு தட்டு,
அப்புறம் சீராகச் சுற்றியது. மூச்சு விட்டேன்.
மென்பொருளை இந்தப் பக்கம் கொண்டுவந்தால்
திறக்க மாட்டேன் என்றது.
அதற்குப் பொய் சொல்ல
ஒரு சின்னக் கட்டம் வைத்திருக்கிறார்கள்.
டிக் செய்தால் போதும்:
எக்ஸ்பி காலம்தான் நடக்கிறது,
ஒன்றும் மாறவில்லை, நீ வேலையைப் பார்.
நம்பிவிட்டது.

ரசீதில் மட்டும்
மதுரை இருக்கவேண்டிய இடத்தில்
கே, ஜே, ஐ, யூ.
ஊரைக் காணோம் என்று ஒச்சப்பன் பதறினார்.
ஊர் எங்கேயும் போகவில்லை.
எழுத்துருவை நான் எடுத்துவரவில்லை, அவ்வளவுதான்;
அந்தக் காலத்து விசைப்பலகையில்
மகரம் குடியிருந்தது கே வீட்டில்.
எடுத்துப் போட்டேன். மதுரை வந்தது.
கூடவே ஆரப்பாளையம், சோழவந்தான்,
பாக்கி வைத்த உசிலம்பட்டி வியாபாரியும்.

பன்னிரண்டுக்குக் கடைசி வண்டி இறங்கியது.
"நாளைக்குத் தேதிய எங்கிட்டு அடிக்கணும்?"
அடிக்கவேண்டாம், அதுவே தெரிந்துகொள்ளும் என்றேன்.
காலண்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்,
மறுபடி காலண்டரை.

பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு
மேடைமேல் நடந்தேன். அறுபது என்றது.
ஸ்கூட்டியில் வைத்துவிட்டு
சும்மா ஏறிப் பார்த்தேன்.
அறுபது.
பத்துப் பத்தாகத்தான் அது எண்ணும்,
நடுவில் இருப்பதெல்லாம் அதற்கு இல்லை.

ஒச்சப்பன் அதற்கும் ரசீது அடித்துக் கொடுத்தார்.
வண்டி எண் காலி. சரக்கு: சிஸ்டம்.
தேதி சரியாக இருந்தது.